தங்கமலையில் ஒரு நோட்டுப் புத்தகம்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கவிஞர் அல்லாத ஒருவரைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் தோண்டிய சீனர் அவர். பெயர் ஜாங் ஆ சியுக்.

1851-இல் அங்கே தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், தென்சீனத்தின் குவாங்டங் மாகாணத்து உழவர்கள் கடன்பட்டுக் கப்பலேறினர். கலிபோர்னியா அவர்களுக்குப் பழைய தங்கமலை. விக்டோரியா புதிய தங்கமலை. மலை என்பது பெயரளவில்தான். பெரும்பாலோர்க்கு வாய்த்தது, ஐரோப்பியர் தோண்டிக் கைவிட்ட மண்ணை மீண்டும் அலசும் வேலை. 1855-இல் குடியேற்ற அரசு, வந்திறங்கும் சீனர் தலைக்குப் பத்துப் பவுண்டு வரி விதித்தது. வரிக்கு அஞ்சிய கப்பல்காரர்கள் அண்டையிலுள்ள தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட்டனர். 1857-இல் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து தோளில் காவடித்தண்டு சுமந்து, வாரக்கணக்கில் நடந்தே தங்கவயல்களை அடைந்தனர். அப்படி நடந்து வந்த ஒரு கூட்டத்தார் வழியில் கண்ட தங்கத்தால் எழுந்ததே அராரட் நகரம். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பக்லண்ட் பள்ளத்தாக்கில் சீனர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. மக்கள் குளிராற்றைக் கடந்து ஓடினர். கைதானவர்களுள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர்.

வரலாற்று நூல்களில் இவர்கள் எண்ணிக்கையாகவே வருகின்றனர். அதிகாரி எண்ணினார், பத்திரிகையாளர் எள்ளினார். அவர்களே எழுதியது மிகக் குறைவு. ஆதலால்தான் ஆ சியுக்கின் நோட்டுப் புத்தகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தங்கவயலில் நேர்ந்த ஒரு கைகலப்பின் தொடர்பில் அவர் கைதானார். மனநிலை பிறழ்ந்தவர் என்று முடிவுகட்டிக் காப்பகத்தில் அடைத்தனர். அங்கிருந்தபடி 1872-இல் தம் தரப்பை எழுதினார். தாய்மொழியில் அன்று; தங்கவயலில் காதால் கேட்டுக் கற்ற ஆங்கிலத்தில். தீர்ப்புச் சொன்னவர்கள் படிக்கக்கூடிய மொழி அதுவொன்றே என்பதால் இருக்கலாம்.

படிப்பது எளிதன்று. இலக்கணம் உடைகிறது, சில வரிகள் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. சந்திப்பிழைக்காகக் கவிதைகளைத் திருப்பியனுப்பும் நம் வட்டத்தில் அது தேறியிராது. அப்படித் திருப்பியனுப்பியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் சண்டை நடந்த விதத்தை மீண்டும் மீண்டும் சொல்லும்போது, யாரேனும் ஒருவராவது நம்பமாட்டாரா என்ற தவிப்பு அந்த உடைந்த வாக்கியங்களில்தான் தெரிகிறது. திருத்தினால் அது போய்விடும்.

கையெழுத்துப்படி இன்று விக்டோரியா மாநில நூலகத்தில் பேணப்படுகிறது. எழுதியவர் விடுதலை பெறவில்லை.