33 என்று தொடங்கும் எண்



தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு மிக்ஸி வாங்குகிறீர்கள். பில்லில் கடைப் பெயருக்குக் கீழே 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். அந்தக் கடையின் ஜி.எஸ்.டி. எண் அது. நாம் விலையைப் பார்ப்போம், மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்போம், அதைப் படிப்பதில்லை. படிக்கப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

33 என்பது தமிழ்நாடு. அடுத்த 10 இடங்களில் வியாபாரியின் பான் எண் அப்படியே இருக்கும். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தைப் பாருங்கள். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் பங்குதாரர்கள் நடத்தும் நிறுவனம், சி என்றால் கம்பெனி. போர்டில் பிரைவேட் லிமிடெட் என்றும் பில்லில் பி என்றும் இருந்தால், விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடைசி எழுத்து, முந்தைய 14 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. நடுவில் ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

ஒரே பானில் எத்தனையாவது பதிவு என்று காட்டும் பதின்மூன்றாவது இடத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ், சிறப்புப் பொருளாதார மண்டலம். அதற்குள் தொழிற்கூடமும் குரோம்பேட்டையில் அலுவலகமும் வைத்திருக்கும் கம்பெனி, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பான் ஒன்றுதான், பதின்மூன்றாவது இலக்கம் மாறும்.

இதில் சிறு தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது பொது விதி. ஆனால் மெப்ஸுக்குள் சரக்கு அனுப்பினால், சாலையைக் கடந்து போனாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலத்துக்கு அனுப்பியதுபோல. வரி விதிக்கத்தக்க சரக்கு என்றால், தொகை சிறிதானாலும் பதிவு கட்டாயம். ஆர்டரை ஏற்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பதிவே இல்லாதவர் உங்களிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் கூடாது. தான் அந்தத் திட்டத்தில் இருப்பதை அவர் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரும், எந்தத் திட்டம் என்பதும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் இலவசமாகத் தெரியும். வாங்கி விற்பவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்டது. சரக்கு கொடுத்தவர் வரியைக் கட்டாவிட்டால், நீங்கள் அவரிடம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் போகலாம். ஒரே வரியை இரண்டு முறை கட்டும் நிலை எத்தனை சிறு கடைகளுக்குத் தாங்கும்?

வியாபாரமே செய்யாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கித் தருகிறேன் என்று பானும் ஆதாரும் நகல் வாங்கிக்கொண்டு, கூலி வேலை செய்பவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிகிறார்கள். பில் மட்டும் ஓடும்; சரக்கு இருக்காது. கடைசியில் நோட்டீஸ் வருவது அந்த ஏழையின் வீட்டுக்கு. இத்தகைய பதிவுகளைக் களைய 2023 மே 16 முதல் நாடு முழுவதும் இரண்டு மாதம் சிறப்புச் சோதனை நடந்தது. அதே இணையதளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடவும் வழி இருக்கிறது. இன்றைக்கே உங்கள் பானைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் பாருங்கள். நீங்கள் அறியாத நிறுவனம் ஏதாவது தென்பட்டால், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், வணிகவரி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.