வான்படமும் அதன் நேரக்குறிப்பும்

ராகலைத் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தேயிலைப் பொதி ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயரும் தரமும் எடையும் பொறிக்கப்படுகின்றன. குறி பிழைத்தால் தேயிலையின் சுவை கெடுவதில்லை. ஆயினும் வாங்குபவர் ஏமாறுகிறார். தொலைகாட்டியுடன் இணைந்த கமரா எடுக்கும் வான்படத்திற்கும் இந்நியதி பொருந்தும்.

வானியலார் தம் படங்களை ஃபிட்ஸ் என்னும் அமைப்பிலே சேமிக்கின்றனர். 1981 இல் வெளியிடப்பெற்ற இவ்வமைப்பை, மறு ஆண்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. படத்தின் முன்னே, வரிக்கு 80 எழுத்தாக, ஒரு தலைப்புக் குறிப்பு நிற்கும். எப்பொருள் படமாக்கப்பட்டது, எத்தனை விநாடி ஒளி ஏற்கப்பட்டது, எப்பொழுது எடுக்கப்பட்டது என்பவற்றை அது கூறும். நேரத்தை உலகப் பொது நேரத்திலே எழுதுவது வழக்கு.

இலங்கைப் படங்களில் இடர் தோன்றுவது இங்கேதான். இந்நாட்டுக் கடிகாரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆனால் 1996 மே மாதத்தில் அவ்வேறுபாடு ஆறரை மணியாயிற்று; அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாயிற்று; 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று.

2005 மார்ச் 26 அதிகாலை மூன்று மணிக்கு, ராகலையில் ஒருவர் முழுமதியைப் படமெடுத்து, உள்ளூர் நேரத்தையே குறிப்பில் விட்டுவிட்டார் எனக் கொள்க. உலகப் பொது நேரம் அப்பொழுது மார்ச் 25 இரவு 9 மணி. நாளும் ஒன்று பின்செல்கிறது. இக்கால வழக்கை நம்பி ஐந்தரை மணியைக் கழித்தால் 9.30 என வரும். அவ்வரை மணியில் சந்திரன் விண்மீன்களிடையே தன் விட்டத்தில் ஏறக்குறையப் பாதித் தூரம் நகர்ந்துவிடும். சந்திரன் ஒரு விண்மீனை மறைத்த கணத்தை அப்படத்தால் அறிய முயல்பவர் தவறான முடிவையே அடைவார்.

திருத்துதற்குக் கட்டளை வரியில் இயங்கும் மென்பொருள்கள் உள. கெட்ஹெட் என்னுங் கட்டளை குறிப்பைப் படித்துக் காட்டும். செட்ஹெட் அதனை மாற்றும். படத்தின் ஒளிப்புள்ளிகள் மாறுவதில்லை. ஒரே கட்டளை நூற்றுக்கணக்கான படங்களைத் திருத்தவல்லது. நூற்றுக்கணக்கான படங்களைக் கெடுக்கவும் வல்லது. ஆதலின் மூலப்படிகளைத் தனியே காத்து, ஒரு படத்தில் முதலிற் சோதித்து, ஆண்டுக்கேற்ற வேறுபாட்டைக் கழித்தல் வேண்டும். செய்த திருத்தத்தை ஹிஸ்டரி என்னும் வரியிலே பதிதலும் வேண்டும்.

மறைத்துத் திருத்திய பிழை, திருத்தாத பிழையினும் கொடிது. கழிந்த இரவை மீண்டும் படமெடுக்க எவராலும் இயலாது. அதற்குச் சான்று அத்தலைப்புக் குறிப்பே.