பன்னிரண்டாம் எண்ணுள்ள உயிர்ச்சத்து



உடல்நலத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இப்புனே நகரில் நெடுங்காலம் வாழ்ந்து, நம்மவர் இல்லங்களில் அஞ்சறைப் பெட்டிக்கு அருகே மாத்திரைப் புட்டிகளும் இடம் பிடித்துவருவதைக் கண்டுவருகின்றோம். ஊரிலிருந்து வந்த நெல்லிக்காய் லேகியம் ஒருபுறம், முருங்கையிலைப் பொடி மற்றொருபுறம், விளம்பரத்தைக் கண்டு வாங்கிய சத்து மாத்திரை நடுவில்!

நெல்லியையும் முருங்கையையும் நாம் குறைகூற வரவில்லை. நெல்லிக்காயில் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்து மிகுதியாக உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பதற்கு அது துணைபுரிகின்றது. உணவு முடிந்த கையோடு அருந்தும் காப்பியோ அதே இரும்பைத் தடுக்கின்றது. இதைச் சொன்னமைக்காக இவ்வவையில் பலர் எம்மை மன்னிக்கமாட்டார்கள் என்பதை அறிவோம்.

நாம் சிறப்பாகப் பேச விரும்புவது பி-12 என்னும் உயிர்ச்சத்தைப் பற்றியேயாகும். 1948-ஆம் ஆண்டில் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. இதன் அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964-இல் நோபல் பரிசு பெற்றார். நாளொன்றுக்கு நமக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு கூறு. இதனை ஆக்கவல்லவை நுண்ணுயிர்களே. கீரையிலும் தானியத்திலும் இது இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றது. இட்டிலி மாவு புளிப்பதால் இச்சத்து உண்டாகும் என்று நம்மவருள் சிலர் கூறுவதுண்டு. அதனை நம்பியிருத்தல் தகாது. ‘நாங்கள் பால் அருந்துகின்றோமே’ என்பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. அரை லிட்டர் பாலில்தான் ஒரு நாளைக்கு வேண்டிய அளவு இருக்கும். இரு வேளைக் காப்பியில் கலக்கும் பாலும், மும்மடங்கு நீர் சேர்த்த மோரும் அதற்கு ஈடாகா.

இது புனே நகரத்திற்கு எவ்வாறு உரியது என்று கேட்பீர்கள். நம்மவர்க்குப் பழக்கமான ராஸ்தா பேட்டையில், சர்தார் முதலியார் சாலையில், கே. இ. எம். மருத்துவமனை உள்ளது. அங்கு டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் அவர்களும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆராய்ச்சியை உலகமே கவனித்தது. சிற்றூர், சேரி, நகரத்து நடுத்தர வகுப்பு என மூவிடத்தும் 441 ஆடவரின் இரத்தத்தைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 67 பேரிடம் பி-12 குறைவாக இருந்தது. வறியவரிடமே குறை மிகுந்திருக்கும் என்று எண்ணுவோம். ஆனால் நடுத்தர வகுப்பினரிடமே அது நூற்றுக்கு 81-ஆக உயர்ந்திருந்தது! மரக்கறி உணவே அதற்குத் தலையாய காரணமெனக் கண்டனர். அந்நடுத்தர வகுப்பில் நம்மில் பெரும்பாலோர் அடங்குவர்.

இதற்கு முன்னரே, 1993-ஆம் ஆண்டு முதல், இந்நகரை அடுத்த ஆறு சிற்றூர்களில் கருவுற்ற தாய்மாரையும் அவர்தம் மக்களையும் அவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்ட தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகள் எடையில் மேம்பட்டிருந்தன. மற்றொரு முடிவு 2008-இல் வெளிவந்தது. ஃபோலிக் அமிலம் மிகுந்தும் பி-12 குறைந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், ஆறாம் வயதிலேயே, பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தரும் குறிகள் மற்றவரினும் மிகுந்திருந்தன.

ஃபோலிக் அமிலத்தின் கதையும் நமக்கு அயலானதன்று. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே சோகையை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாறு அதனைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருளே ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனைச் செயற்கை முறையில் ஆக்கிய குழுவுக்கு அமெரிக்காவில் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். அது எத்தனையோ தாய்மாரைக் காத்தது, இன்றும் காக்கின்றது. ஆயினும் பி-12 குறைந்தவர்க்கு அதனை மட்டும் தந்தால் சோகை மறையும், உள்ளே நரம்பு கெடுவது நிற்காது.

இதை நாம் ஏட்டில் படிப்பதற்கு முன் வீட்டிலேயே கண்டோம். கிர்க்கியில் வாழும் எம் தமையனார் பிறப்பு முதல் மரக்கறி உணவினர். நீரிழிவுக்காகப் பல்லாண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர். அம்மாத்திரை பி-12 உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது அன்று எம் குடும்பத்தில் எவர்க்கும் தெரியாது. முகம் வெளுத்தபோது இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த ‘டானிக்’ ஒன்று வந்தது, லேகியமும் வந்தது. முகம் தெளிந்தது, யாவரும் மகிழ்ந்தோம். பாதம் மரத்ததை வயதின் மேலும் நீரிழிவின் மேலும் ஏற்றிவிட்டோம். ஒருநாள் மாலை கடைத்தெருவிலிருந்து அவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மற்றொன்று கழன்று விழுந்ததை அவர் கால் உணரவேயில்லை. அதன் பின்னரே பி-12 அளவை அறிய இரத்தம் சோதிக்கப்பட்டது. ஊசிகள் போட்டபின் கைவிரல்கள் தேறின. சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்கின்றார். பாதங்கள் முழுமையாகத் தேறவில்லை. ஈரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறை மெல்லவே வெளிப்படும். வெளிப்பட்டபின் நாள் கடத்தினால் நரம்பு முழுதும் மீள்வது உறுதியில்லை.

ஆதலின் அறுபதைக் கடந்தோரும், மெட்ஃபார்மின் உண்போரும், தாய்மை எய்தவிருக்கும் மரக்கறி உணவினரும் அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது பி-12 சோதனையைப் பற்றிக் கேட்குமாறு வேண்டுகின்றோம். கருவுற்ற பெண்கள் மருத்துவர் தந்த ஃபோலிக் அமிலத்தை எம் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட வேண்டா. பி-12 உண்டா என்பதையும் உடன் கேளுங்கள். எம் தமையனார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார். ஐயமுடையோர் அவரையே கேட்கலாம். பந்தியில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் கையசைக்கின்றார்.