சிவப்பு விளக்கு எரிகிறது, திரை இருட்டாக இருக்கிறது

(வாழவந்தியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகக் குறைந்த விலையில் ஒரு கணினி வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. உள்ளங்கை அளவுப் பலகை. விசைப்பலகை, மவுஸ், டிவி மூன்றையும் இணைத்தால் முழுக் கணினி. இணையம் இல்லாமலே வகுப்பறைக்குள் பாடக் காணொளிகளைத் தரும் கோலிப்ரி மென்பொருள் இதில் ஓடும். மேகம் இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும் நம் மலைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் இன்று சொல்லப்போவதில்லை. அது ஓடாதபோது என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு. ஏனென்றால் முதல் நாள் திரையில் ஒன்றும் வராவிட்டால், இரண்டாம் நாள் அது அலமாரிக்குப் போய்விடும். இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்று ஒரு சொல் ஏறிவிடும். அந்தச் சொல்லை ஏற்றுவது சுலபம், இறக்குவது எவ்வளவு கடினம் என்று தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்.

இந்தப் பலகைக்கு வன்தட்டு கிடையாது. மேசைக் கணினிபோல 'பீப்' ஒலியும் கிடையாது. அது நம்மிடம் பேசுவது இரண்டு சிறு விளக்குகளால்தான். சிவப்பு, மின்சாரத்துக்கு. பச்சை, மெமரி கார்டைப் படிப்பதற்கு. சிவப்பு எரிந்து பச்சை ஒருமுறைகூட மினுக்கவில்லை என்றால், பலகை கார்டைப் படிக்கவில்லை என்று பொருள். கார்டே செருகாமல் பை 3-ஐ இயக்கினாலும் இதே தோற்றம்தான், திரையில் ஒரு எழுத்தும் வராது. அதைப் பார்த்துப் பலகை செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பை 4-இல் நிலைமை கொஞ்சம் மேல். புதிய பூட்லோடர் உள்ளவை, கார்டு இல்லாமலே டிவியில் ஒரு தகவல் திரையைக் காட்டும். அது வந்தால் பலகைக்கு உயிர் இருக்கிறது.

பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கினால் நல்லது, வேலை நடக்கிறது. ஒரே கணக்கில் திரும்பத் திரும்ப மினுக்கினால் எண்ணுங்கள். நான்கு முறை என்றால் கார்டில் தொடக்கக் கோப்பு இல்லை. ஏழு முறை என்றால் கெர்னல் கோப்பு இல்லை. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுவேன். என்னைவிடப் பொறுமையாக எண்ணுகிறார்கள்.

அடுத்து மின்சாரம். "மலையில் வோல்டேஜ் குறைவு சார், அதான் ஓடல" என்று அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அது காரணம் அல்ல. நல்ல அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். உள்ளே வருவது குறைந்தாலும் வெளியே 5 வோல்ட் தந்துவிடும். வில்லன், கைப்பேசியோடு வந்த மெல்லிய கேபிள். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் நாம் நடத்தும் ஓமின் விதிதான் இங்கே. கேபிளின் மின்தடை கால் ஓம், ஓடுவது 2 ஆம்பியர் என்றால், வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். பலகைக்குக் கிடைப்பது 4.5 வோல்ட். 4.63-க்குக் கீழே போனாலே அது மின்சாரம் போதவில்லை என்று கணக்கில் எடுக்கும். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். பல மாடல்களில் சிவப்பு விளக்கே அணையும். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் அடாப்டர், குட்டையான தடித்த கேபிள். இந்தக் கணக்கைப் புத்தகத்திலிருந்து போடுவதைவிட, ஒரே பலகையில் இரண்டு கேபிள்களை மாற்றிக் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கார்டு விஷயத்தில் இரண்டு பொறிகள். இயங்குதளக் கோப்பைப் பென் டிரைவில் போடுவதுபோல நகலெடுத்தால் ஓடாது. ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அது சரிபார்க்கும், அதையும் முடிய விடுங்கள். இரண்டாவது பொறி, எழுதிய கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். கார்டில் உள்ள லினக்ஸ் பகுதி அதற்குப் புரியாததால் கேட்கிறது. 'ஆம்' என்று அழுத்தினால் இயங்குதளம் போய்விடும்.

வானவில் நிறத் திரை வந்து அப்படியே நின்றால், கார்டின் முதல் பகுதி படிக்கப்பட்டுவிட்டது, கெர்னல்தான் ஏறவில்லை. பை 4 வந்தது 2019 ஜூனில். அதற்கு முன்பு எழுதிய பை 3 கார்டை அதில் செருகினால் ஓடாது. புதிதாக எழுதினால் போதும்.

டிவி பற்றி ஒரு வார்த்தை. பை 4-இல் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள். மின் இணைப்புக்கு அருகில் இருப்பதில் செருகுங்கள். முதலில் டிவியைப் போட்டுவிட்டுப் பிறகு பலகைக்கு மின்சாரம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் நம்மை உண்மையாகவே தொல்லைப்படுத்துவது கரண்ட் கட். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பலகையைத் தொடாதீர்கள், கார்டை மாற்றிப் பாருங்கள். எழுதிய கார்டு இன்னொன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும். பாடம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல் ஷட்டவுன் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், கார்டு, அடாப்டர் மூன்றையும் ஒன்றாக மாற்றி, ஓடிவிட்டது என்று மகிழ்ந்தால், எது கெட்டது என்று தெரியாமல் மூன்றையும் மறுபடி பெட்டியில் போட்டுவிடுவோம். அடுத்த வாரம் அதே கேபிள் நம் கைக்கே வரும்.

இந்த மேசையில் நான்கு பலகைகள் வைத்திருக்கிறேன். மூன்றில் ஏதோ ஒன்றைக் கெடுத்து வைத்திருக்கிறேன், எதில் என்ன என்று சொல்லமாட்டேன். தேநீர் வருவதற்குள் இரண்டிரண்டு பேராக வந்து பாருங்கள். கேபிள்களும் கார்டுகளும் அந்தத் தட்டில் இருக்கின்றன.