ஓட்டல் கடனட்டையின் வரவேற்புப் பரிசு

(சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, கணக்கு. ஓட்டல் கம்பெனியொன்றும் வங்கியொன்றும் கூடி வழங்கும் கிரெடிட் கார்டு, அஃதாவது கடனட்டை, வாங்குவோர்க்குச் சேர்ந்தவுடன் ஓர் இரவு இலவசமாகத் தங்கும் உரிமை பரிசாகக் கிடைக்கின்றது. அதனை வாங்கலாமா, அப்பரிசின் உண்மை மதிப்பு யாது என்று நம் வாலிபர் பலர் எம்மை வினவினர். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், ஊரிலுள்ள தாய் தந்தையர்க்கும் ஒன்று வாங்கித்தர முற்படுகின்றனர். ஆதலின் இஃது ஒருவர் இருவர் காரியமன்று, குடும்பங்களின் காரியம்.

தமிழ்ப் பண்டிதர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். திருக்குறளின் 47-ஆம் அதிகாரத்திற்குத் தெரிந்துசெயல்வகை என்று பெயர். அதன் முதற் குறள், ஒரு வினையைத் தொடங்குமுன் அதனால் போவது யாது, வருவது யாது, பின்னர் விளையும் ஊதியம் யாது என்னும் மூன்றையும் எண்ணச் சொல்கின்றது. அம்மூன்று கேள்விகளையே இக்கடனட்டையிடமும் கேட்போம்.

பொதுவாகப் பேசுவதினும் ஓர் அட்டையை முன்வைத்துப் பேசுதல் நன்று. 2023 ஆகஸ்டில் எச்.டி.எப்.சி. வங்கியும் மாரியட் ஓட்டல் கம்பெனியும் சேர்ந்து, மாரியட் பான்வாய் என்னும் பெயரால் ஒரு கடனட்டையை இந்தியாவில் வெளியிட்டன. வெளியிட்ட காலத்து விதிகள் வருமாறு: ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. வரவேற்புப் பரிசாக, 15,000 புள்ளிக்கு உட்பட்ட அறையில் ஓர் இரவு தங்கலாம். சாதாரணச் செலவில் ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 2 புள்ளி. பிரயாணத்திற்கும் உணவு விடுதிகட்கும் 4 புள்ளி. அக்கம்பெனியின் ஓட்டல்களில் 8 புள்ளி. இவ்விதிகள் மாறுந்தன்மையன. விண்ணப்பிப்போர் அன்றைய விதியைப் படித்தல் வேண்டும்.

முதலாவது, போவது யாது? 3,000 ரூபாயும் 540 ரூபாய் வரியும் சேர்ந்து 3,540 ரூபாய். இது கையினின்று உறுதியாகப் போகும் பொருள். பரிசோ பின்னர் வருவது. குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிடின் காலாவதியாவது. உறுதியான செலவையும் உறுதியற்ற வரவையும் ஒரே தட்டில் வைத்தலாகாது.

இரண்டாவது, வருவது யாது? இங்கேதான் பலர் கணக்குப் பிழைக்கின்றது. ஓர் அறையின் வாடகை 9,000 ரூபாய் என்று கொள்வோம். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு வரி 18 விழுக்காடு ஆதலால், மொத்தம் 10,620 ரூபாய். அதிற் கட்டணம் 3,540 போக, 7,080 ரூபாய் இலாபம் என்று விற்பனைக்கு வருவோர் கூறுவர். இக்கூற்றில் ஒரு குறை உளது. பரிசு இல்லாவிடின் அவ்வறைக்கு நாம் 10,620 ரூபாய் கொடுத்திருப்போமா? கொடுத்திருப்போமாயின் கணக்குச் சரி. கொடுத்திரோம் எனின், நாம் வழக்கமாகத் தங்கும் விடுதியின் வாடகை எவ்வளவோ, அவ்வளவே நமக்கு மிச்சம். 1,500 ரூபாய் அறையில் தங்கும் வழக்கமுடையார், 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள 5 விழுக்காட்டு வரியுடன் 1,575 ரூபாய் கொடுப்பர். அவர்க்கு அப்பரிசினால் மிச்சமாவது அந்த 1,575 ரூபாயே. கட்டணத்தைக் கழித்தால் 1,965 ரூபாய் நஷ்டம். ஒருநாட் சுகம் அனுபவித்தோமே எனின், அச்சுகத்தின் விலை 1,965 ரூபாய் என்று அறிந்தே அனுபவித்தல் வேண்டும். அதனை இலவசம் என்றல் பொருந்தாது.

நம் மலையில் இலை நிறுப்போர் ஈரத்துக்கென்று எடையிற் கழிவு பிடிப்பதைச் சிறு தோட்டக்காரர் யாவரும் அறிவர். ஏறக்குறைய நான்கு, நாலரைக் கிலோ பச்சையிலை சேர்ந்தே ஒரு கிலோ தேயிலையாகின்றது. கூடையின் எடையைத் தேயிலையின் எடை என்று எவரும் மயங்குவதில்லை. பரிசையும் அங்ஙனமே ஈரம் கழித்து நிறுத்தல் வேண்டும்.

இனி, அவ்விரவை எங்கே கழிப்பது என்பதையும் எண்ணுக. உதகமண்டலத்திற்கும் குன்னூருக்கும் வருவோர் ஓட்டல் தேடுகின்றனர். இம்மலையிலேயே வீடுடைய நமக்கு இங்கே ஓட்டல் எதற்கு? அன்றியும் ஓட்டல்கள் தனித்தனிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உதகையின் பழைய சவாய் ஓட்டல் டாடா குழுமத்து இந்தியன் ஓட்டல்ஸ் கம்பெனியைச் சார்ந்தது. மாரியட் தந்த இரவு அங்கே செல்லாது. நாம் மலையிறங்கித் தங்குவதெல்லாம் பெரும்பாலும் வைத்தியத்திற்காக, பிள்ளைகளைக் கல்லூரியிற் சேர்ப்பதற்காக, கலியாணத்திற்காக. கோயம்புத்தூரில் மாரியட் கூட்டத்தைச் சேர்ந்த லீ மெரிடியன் அவிநாசி ரோட்டில் நீலாம்பூர்ப் பக்கம் உளது. நகரின் நடுவிலுள்ள ஆஸ்பத்திரியில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்க்கு, அதன் வாயிலுக்கு எதிரேயுள்ள சிறு விடுதியே உதவும். தொலைவிலுள்ள அறை இலவசமாயினும், போக்குவரவு வண்டிச் சத்தமும் உணவுச் செலவும் நம்முடையனவே. மேலும், புள்ளியின்படியான அறைவிலை ஒரே நிலையில் நிற்பதன்று. விடுமுறைக் காலத்தில் 15,000 புள்ளியைக் கடந்து ஏறுவதுண்டு. நமக்கு ஓய்வு கிடைக்கும் நாளிலேதான் ஊராருக்கும் ஓய்வு கிடைக்கின்றது.

மூன்றாவது, பின்னர் விளையும் ஊதியம் யாது? செலவு செய்யச் செய்யப் புள்ளி சேருமே என்பர். சாதாரணச் செலவினாலேயே 15,000 புள்ளி சேர்க்க வேண்டின், 150 ரூபாய்க்கு 2 புள்ளி வீதம் 11,25,000 ரூபாய் செலவிடல் வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை குடும்பத்தின் ஓராண்டுச் செலவு அத்தொகையை எட்டும்? எட்டாதவர் புள்ளிக்காகச் செலவைப் பெருக்குவாராயின், அதுவே வங்கி விரும்புவது. கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் செலுத்தும் கழிவிலிருந்தும், கடனை நிலுவை வைப்போர் கொடுக்கும் வட்டியிலிருந்தும் வங்கிக்கு வருமானம் வருகின்றது. பரிசுக்கான பொருளும் அவ்வருமானத்தினின்றே வருகின்றது. இதிற் சூது ஒன்றும் இல்லை. வாணிகம் அவ்வாறே நடைபெறும். அதனைத் தானம் என்று நாம் மயங்குதலே தவறு.

விளைவது ஊதியமாகாமல் கேடாகும் வழியும் ஒன்று உண்டு. மாதம் நூற்றுக்கு 3.75 வட்டி என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாதத்து வட்டி 750 ரூபாய். அவ்வட்டிக்கு வரி 135 ரூபாய். ஆக 885 ரூபாய். நான்கு மாதம் அந்நிலுவை நிற்குமாயின் 3,540 ரூபாய். சேர்ந்தபொழுது கட்டிய தொகையை மீண்டும் ஒருமுறை முழுவதும் கட்டியதற்கு இஃது ஒப்பாகும். வட்டிக்கு வட்டியைச் சேர்த்தால் இன்னும் மிகும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று பட்டியலில் அச்சிட்டிருப்பது அபராதத்தைத் தவிர்க்குமேயன்றி வட்டியைத் தவிர்க்காது. கடனட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காடே உச்சவரம்பு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது. ஆதலின் அவ்வரம்பு நம்மைக் காக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

இது நம்மவர்க்குச் சிறப்பாகப் பொருந்துவது. மாதச் சம்பளக்காரர்க்கு வரவு ஒரே நாளில் வரும். சிறு தோட்டக்காரர்க்கோ இலை விலை மாதந்தோறும் மாறும். உறைபனிக் காலத்தில் இலையே குறையும். வங்கியின் தவணை நாள் பனியையும் அறியாது, விலையையும் அறியாது. தவணை தவறியது கடன் தகவற் பதிவேட்டில் ஏறிவிடுமாயின், நாளை மகளின் மேற்படிப்புக்குக் கடன் கேட்கும்பொழுது அது குறுக்கே நிற்கும். ஓர் இரவுத் தங்கலுக்காக ஒரு பெண்ணின் படிப்பைப் பணயம் வைத்தல் தகுமா? பிள்ளைகள் பெற்றோர்க்கு வாங்கித்தரும் துணையட்டையிற் செய்த செலவுக்கும் முதலட்டைக்காரரே பொறுப்பு என்பதை இருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இங்ஙனம் கூறியதனால் எல்லாரும் இதனை விலக்குக என்பது எம் கருத்தன்று. தொழில் நிமித்தம் சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி சென்று, 5,000 ரூபாய் அறையில் எப்படியும் தங்குவோர் நம்மிலும் உளர். அவர்க்கு வரியுடன் 5,250 ரூபாய் மிச்சமாகும். கட்டணம் போக 1,710 ரூபாய் நலம். மாதப் பட்டியலை முழுவதும் தவணைக்குள் செலுத்துவோர் அட்டையை வாங்கலாம். மறு ஆண்டு கட்டணம் கட்டுமுன் இதே கணக்கைப் புதிதாகப் போடலாம்.

வாங்கினோர்க்குச் சில பாதுகாப்புகளும் உள. ரிசர்வ் வங்கியின் கட்டளைகளின்படி, கேளாதார்க்குக் கடனட்டை அனுப்புதல் கூடாது. நிலுவை முழுவதையும் தீர்த்து, அட்டையை மூடுமாறு கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூடுதல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கைக்காரர்க்குத் தருதல் வேண்டும். இவ்வுரிமைகளை அறிந்தவர் விற்பனையாளர் சொல்லுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

ஆகவே, கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதி விடையும் எழுதுக. இப்பரிசு இல்லாவிடினும் இந்த ஆண்டு அவ்வூரில் தங்கும் வேலை நமக்கு உண்டா? பரிசு இன்றேல் அறைக்கு நாம் உண்மையில் எவ்வளவு கொடுப்போம்? இலை விலை குறைந்த மாதத்திலும் பட்டியல் முழுவதையும் செலுத்த நம்மால் இயலுமா? மூன்றுக்கும் தெளிவான விடை எழுத இயலாதவர், தாளை மடித்து வைத்துவிட்டு விற்பனையாளர்க்கு நல்வார்த்தை கூறி அனுப்பிவிடுக. கணக்குப் போடத் தெரியாத முதியோர் நம் வீடுகளில் இருப்பாராயின், படித்த பிள்ளைகள் அவர்க்கு அட்டை வாங்கித் தருவதன்முன் இக்கணக்கைப் போட்டுக் காட்டுவாராக. அதுவே அவர்கள் பெற்றோர்க்குச் செய்யும் மேலான உபகாரம்.