தும்பா மக்கள் சொன்ன ஆமென்



திருவனந்தபுரத்துக்கு அருகே கடற்கரையில் தும்பா என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கே புனித மகதலா மரியாவின் பெயரால் ஒரு பழைய ஆலயம் உண்டு. இன்று அங்கே திருப்பலி நடப்பதில்லை. அது விண்வெளி அருங்காட்சியகம்.

1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இடம் தேடினார். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்வதால் அந்த இடமே தேவைப்பட்டது. ஆனால் அங்கே ஆலயமும் ஆயர் இல்லமும் மீனவர் வீடுகளும் இருந்தன. அவர் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்தார். ஆயர் தாமாக முடிவு சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே கேட்டார். ஆலயம் முழுவதும் 'ஆமென்' என்று ஒலித்ததாக அப்துல் கலாம் சொல்லியிருக்கிறார்.

ஆலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளின் பணியிடங்கள் ஆயின.  ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோனார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஆயரையும் விஞ்ஞானிகளையும் புகழ்ந்துவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அது போதவில்லை. நான் பங்குத்தந்தை. ஒரு சுரூபத்தைப் பீடம் மாற்றி வைத்தாலே பங்குப் பேரவையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்! தும்பா மக்கள் கொடுத்தது வெறும் கட்டடமா? பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த இடம், மாலை மாற்றிய இடம், பெற்றோரின் சவப்பெட்டியை இறக்கி வைத்த இடம். வீடுகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களுக்கு வேறிடத்தில் புது ஆலயம் எழுந்தது உண்மைதான். ஆனாலும் அந்த ஆமென் சிலருடைய தொண்டையிலாவது சிக்கியிருக்கும்.

வழிபாட்டுக்குப் பயன்படாத ஆலயத்தை வேறு பணிக்குக் கொடுக்கலாம், இழிவான பயனுக்கு மட்டும் கூடாது என்கிறது இன்றைய திருச்சபைச் சட்டம், எண் 1222. தும்பாவிலோ வழிபாடு நடந்துகொண்டிருந்த ஆலயத்தையே கொடுத்தார்கள்.

அவர்களுடைய பாதுகாவலியை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டதும் பற்றிக்கொள்ளத் துடித்தவர் மகதலா மரியா. பற்றிக்கொண்டிராமல் சகோதரர்களிடம் போய்ச் சொல் என்றுதான் ஆண்டவர் அவரை அனுப்பினார். மனம் அங்கேயே நின்றிருக்கும், கால்கள் நடந்தன.

ஜூலை 22 அவருடைய திருநாள். அன்று செபமாலை சொல்லும்போது, பெயர் தெரியாத அந்தத் தும்பா குடும்பங்களுக்காக ஒரு மணி கூடுதலாகச் சொல்லுங்கள்.