படகும் கிணறும்: தீவகத்திலிருந்து ஓர் அனர்த்தக் கணக்கு



இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளை எந்த ஆசிரியரின் பெயரால் நடக்கிறதோ, அவரிடம் நான் புவியியல் படித்தேன். கரும்பலகையில் படம் கீறி முடிந்ததும் எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போவார். பட்டையை மேலாகக் கோலி எடுத்து ஒரு வாய் குடிக்கத் தருவார். பிறகு அடிமட்டும் இறக்கி இழுத்து இன்னொரு வாய் தருவார். முதல் வாய் இனிக்கும், இரண்டாவது சவர்க்கும். அந்த இரண்டு வாய்த் தண்ணீரை வைத்துத்தான் இன்றைக்கும் பேசப் போகிறேன்.

வளரும் நகரங்களில் அனர்த்த முகாமைத்துவம் என்பது எனக்குத் தந்த தலைப்பு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமது யாழ்ப்பாண நகரத்தின் குப்பை கல்லுண்டாய் வெளியில், நாம் இக்கரையிலிருந்து பார்க்கிற அதே கடல்நீரேரிக் கரையில் போய்ச் சேர்கிறது. பள்ளத்தை நிரவி வீடு கட்டினால் வெள்ளம் வாசலுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் நகரத்தில் கூடிய சனம் எங்கிருந்து போனது? 1990, 91 போர் இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை அடுத்த நம் தீவகத்தின் வீடுகள் பூட்டப்பட்டன. யாழ்ப்பாண நகரம், வெள்ளவத்தை, சென்னை, லண்டன், ரொறன்ரோ என்று நம்மவர் போன இடமெல்லாம் பெருத்தது. சனம் சேரும் இடத்தில் ஆபத்துப் பெருகுவதைப் பற்றி நூலகமே நிறையும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். சனம் விட்டுப்போன இடத்திலும் அது பெருகும் என்பதே நான் சொல்ல வந்தது. குளத்தின் வரம்பு உடைந்தால் மண் போட ஆளில்லை. கேணியில் தூர் எடுக்க ஆளில்லை. எந்த வீட்டில் எந்தக் கிழவி தனியே இருக்கிறாள் என்று இரவில் ஓடிப் போய்ப் பார்க்கப் பக்கத்து வீட்டிலும் ஆளில்லை.

ஆள் குறைந்த தீவு எதை நம்பி நிற்கிறது என்று அறிய, நெடுந்தீவின் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். அது கடல்நீரையோ உவர்நீரையோ நன்னீராக்கும் இயந்திரத்திலிருந்து வருகிறது; அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கியில் தங்கியவை. டீசல் படகில் வரவேண்டும். வாடைக்கடல் கொந்தளித்தால் படகு குறிகட்டுவான் இறங்குதுறையில் கட்டியபடி நிற்கும். அப்படியானால் குழாயில் வருகிற தண்ணீரும் படகில்தான் வருகிறது. இந்திய நன்கொடையில் இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. எந்த நாட்டுக் கம்பனிக்கு அந்த வேலை என்பதுதான் பத்திரிகைகளில் பெரிய பேச்சாக இருந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: புயல் நாளில் படகை எதிர்பாராமல் ஒரு மின்குமிழும் ஒரு தண்ணீர்ப் பம்பும் இயங்கும்.

அப்படியும் இயந்திரம் இயந்திரம்தான். படகையும் மின்சாரத்தையும் எதிர்பாராத ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கிணறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, பாரமான கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது நூல் சொல்லும் கணக்கு. மேலே ஓரடியை இழுத்தெடுத்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். துலா மெல்ல இறைத்தது. மோட்டர் அப்படி இறைக்காது. நெடுந்தீவில் சாறாப்பிட்டிக் கிணறுகளைத் தலைமுறைகள் காத்தது இந்த நுட்பம் அறிந்துதான். குழாய் வந்த பிறகு கிணற்றைக் கைவிடுவது, கையிலிருந்த கடைசிக் காசை எறிவதற்குச் சமம்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில், கடல் புகுந்த கிணறுகளை நல்ல மனதோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையோரத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்த இறைப்பு பெரிதாகப் பயன் தரவில்லை, சில இடத்தில் கீழிருந்த உப்பையும் மேலே இழுத்தது. உப்பைக் கழுவியது மழையே. நமக்கும் அந்த ஆபத்து உண்டு: பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், ஆகையால் புயல் தள்ளும் நீர் கரையில் குவியும். 1964 டிசம்பர் 22 இரவு அப்படிக் குவிந்த புயல்நீர் தனுஷ்கோடியையும் பாம்பன் ரயிலையும் கொண்டுபோனது. அப்படியொரு நீர் நம் கிணறுகளில் புகுந்தால் எந்தக் கிணற்றை இறைப்பது, எதை மழைக்கு விடுவது என்று முன்கூட்டியே தெரிந்த நாலு பேராவது ஒவ்வொரு தீவிலும் இருக்கவேண்டும்.

சுனாமியின் பின் 2005இல் 13ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் வந்தது. நல்லவை. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாடு அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தபோது கண்ணெல்லாம் மலையகத்து மண்சரிவில் இருந்தது. அது நியாயம். பெரிய அனர்த்தத்தில் உதவி சனம் அதிகமுள்ள இடத்துக்கே முதலில் போகும். ஆகவே முதல் மூன்று நாலு நாளைத் தீவு தன் கையாலேயே கடக்கவேண்டும், திட்டமும் அதை வைத்தே தொடங்கவேண்டும்.

தீவு தன் கையால் செய்யக்கூடியது படகிலும் உண்டு. நெடுந்தீவுப் படகான குமுதினியின் பெயரை, அதில் பயணிகள் கொல்லப்பட்ட 1985 மே 15ஐ நினையாமல் இங்கே யாரும் சொல்வதில்லை. கடலில் போன உயிர்களைச் சுமந்த சமூகம் நாம். அப்படியிருந்தும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்களில் சனம் உயிர்காப்பு அங்கி இல்லாமல் குழந்தையை மடியில் வைத்துப் படகில் நெருங்கியிருப்பதை நானே பலமுறை பார்த்து உடல் நடுங்கியிருக்கிறேன். அங்கி போடாதவருக்குப் படகு நகராது என்று துறையில் ஒருவர் உறுதியாக நின்றால் போதும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகத் தருகிறீர்கள். இந்தப் புரட்டாதிக்குள், மழை விழுமுன், உங்கள் பூட்டிய வளவுக் கிணற்றுக்கு ஒரு கட்டும் ஒரு மூடியும் போடுங்கள். திறப்பைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.